பத்துக்கு நாலு

எங்கள் புற்றுநோய் வார்டின் மூத்த நர்ஸுக்கு மணிக்கூண்டு என்று பட்டப்பெயர். வைத்தது நான்தான். நானும் அவளும் ஒன்றாகப் படித்து ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், அந்த உரிமை எனக்கு உண்டு. வலி நிவாரணத்துக்கான புது வழிகாட்டிக் கையேடு வந்ததிலிருந்து, நோயாளி கத்தும்வரை காத்திருக்காமல் நேரம் தவறாமல் மாத்திரையோடு போய் நிற்பாள். காலையில் கட்டில் கட்டிலாகப் போய், "வலி பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டு அட்டையில் எழுதுவாள். எண் ஏறினால் மருந்தும் ஏறும்.

இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மருந்து என்றாலே எங்கள் பெரிய டாக்டர் பின்வாங்குவார். "பழகிப் போயிடும்மா" என்பார். "வலி பழக மாட்டேங்குதே டாக்டர்" என்று இவள் திருப்பிக் கொடுப்பாள். "அவ்வளவு வலியெல்லாம் இருக்காது" என்று அவர் ஆரம்பித்தால், "படுத்திருக்கிறது நீங்களா, அவரா? அவர் சொல்றதுதான் கணக்கு" என்பாள். மல்லுக்கு நின்று ஜெயித்தாள். மருந்து அலமாரியின் சாவி அவள் கைக்கு வந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

அந்தச் சமயத்தில்தான் சுவரோரக் கட்டிலுக்கு ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் வந்தார். நோய் எலும்புவரை பரவியிருந்தது. "பத்துக்கு எவ்வளவு சார்?" என்று கேட்டால் நன்றாக யோசித்து "நாலு" என்பார். மறுநாளும் நாலு. நாலுக்கு மார்ஃபின் வேண்டியதில்லை, சாதாரண மாத்திரையே தொடர்ந்தது.

வெளியூரிலிருந்து மகள் வந்து உட்கார்ந்தாள். ஏதோ மனஸ்தாபத்தில் இரண்டு பேருக்கும் பல வருஷமாகப் பேச்சில்லை. அவர் கண்ணை மூடி, சுவர்ப்பக்கம் திரும்பியே கிடந்தார். கூப்பிட்டாலும் பதில் இல்லை. "இன்னும் என் மேல கோபம்தான்" என்று தாழ்வாரத்தில் நின்று அழுதாள் மகள்.

அவர் கை கட்டில் கம்பியை இறுக்கிக்கொண்டிருந்ததை மணிக்கூண்டும் பார்த்தாள். பிறகு அட்டையைப் பார்த்தாள். நாலு. நகர்ந்துவிட்டாள். எண்ணோடு முகத்தையும் தூக்கத்தையும் அசைவையும் பார் என்று அதே வழிகாட்டியில் இருக்கிறது. எங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டியவளே அவள்தான்! நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். ஆனால் டாக்டரோடு சண்டை போட்டு மதிப்பு வாங்கிக் கொடுத்த எண்ணைத் தானே சந்தேகப்பட அவளுக்கு மனம் வரவில்லை.

ஒருநாள் காலை அந்தக் கேள்வியும் பதிலும் மகள் காதில் விழுந்தன. சிரித்துவிட்டாள்.

"அப்பா பத்துக்கு நாலு மார்க்குக்கு மேல யாருக்கும் போட்டதே இல்ல சிஸ்டர். அவர் கிளாஸ்ல முதலா வந்த எனக்கே மூணரைதான்."

சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. மணிக்கூண்டு டாக்டரைத் தேடி ஓடினாள்.

மார்ஃபின் கொடுத்தோம். சாயங்காலம் வாத்தியார் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினார். "சாப்பிட்டியாம்மா?" என்று மகளைக் கேட்டார். "நீ வந்தது தெரியும். திரும்பிப் பார்க்கணும்னுதான் இருந்தேன். அசைஞ்சா உயிரே போச்சு."

அன்றும் மறுநாளும் பேசித் தீர்த்தார்கள். அவர் சிரிப்பு மருந்தறைவரை கேட்டது. அப்புறம் நோய் முந்திக்கொண்டது. காய்ச்சல் கண்டு, நினைவு தப்பி, போய்விட்டார்.

கிளம்பும்போது மகள் மணிக்கூண்டின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்க புண்ணியத்துல அப்பாகிட்ட பேசிட்டேன் சிஸ்டர்." திட்டியிருந்தால்கூட மணிக்கூண்டு தாங்கியிருப்பாள். மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் தோளில் அழுதாள்.

"வந்த அன்னைக்கே பேசியிருப்பாங்கடி."

அவள் சொன்னது உண்மைதானே.

இப்போது புதிதாக யார் வந்தாலும், எண்ணைக் கேட்பதற்கு முன்னால் வீட்டு ஆட்களை ஓரமாகக் கூப்பிட்டு, "இவர் மார்க் போடுறதுல எப்படி?" என்று கேட்கிறாள். வேடிக்கை என்று நினைத்து அவர்கள் சிரிக்கிறார்கள். பதில் வரும்வரை அவள் அந்த இடத்தை விட்டு நகர்வதில்லை.