பக்கத்துக் கடையில் தீப்பிடித்தால்

தீயணைப்பான் விற்பவனுக்கு ஒரு சாபம் உண்டு: வாங்குகிற நிலையில் இருப்பவருக்கு அது தேவைப்படாது, தேவைப்படுகிற நேரத்தில் அவர் வாங்குகிற நிலையில் இருக்கமாட்டார்.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு கம்பெனி டெப்போவில் இந்த வேலைக்குச் சேர்ந்தேன். சாமான் இரண்டு வகை. கட்டடங்களுக்குச் சிவப்பு வர்ணம் அடித்த, கூம்புத் தலை வைத்த இரும்பு உருளை. அதன் குமிழை ஓங்கித் தட்டினால் உள்ளே ஆசிட் குப்பி உடைந்து, சோடாத் தண்ணீரோடு கலந்து, பீறிட்டு வரும். கார், பஸ்ஸுக்குக் கைப்பம்பு மாதிரி சின்னதாக ஒரு பித்தளைச் சாமான். மூன்று மாதத்தில் பன்னிரண்டு விற்றால் வேலை நிரந்தரம். நிரந்தரமானால் சேவுகம்பட்டி மாமா தன் மகள் சரோஜாவை எனக்குக் கொடுப்பார். இல்லாவிட்டால் நூல் மில்லில் வேலை பார்க்கும் ஒருவருக்குக் கொடுப்பார். எதையாவது விற்றுப் பிழைத்தவர்களுக்கு, அந்த மூன்று மாதத்தை நான் எப்படித் தள்ளினேன் என்று விளக்க வேண்டியதில்லை.

நல்ல வார்த்தை

முதல் நாள் தூரமெல்லாம் போகவில்லை. டெப்போவை ஒட்டியே காளிமுத்து என்பவரின் புகையிலை மண்டி. கூரை முட்ட அடுக்கிய காய்ந்த சரக்கு, வாசலில் பீடி பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் லோடுமேன்கள். இதைவிடப் பொருத்தமான வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார் என்று உள்ளே போய், "உங்க மண்டியில தீப்பிடிச்சா" என்று ஆரம்பித்தேன். அவர் என்னை முடிக்க விடவில்லை. விடிந்தும் விடியாமல் வாயில் என்ன வார்த்தை வருகிறது என்று கேட்டு, வாசலில் தண்ணீர் தெளிக்கச் சொல்லி ஆளை அனுப்பினார்.

திரும்பி வந்து மானேஜரிடம் சொன்னேன். விளக்கை அணை என்று சொல்லக்கூட வாய் கூசுகிற ஊரில் இப்படியா பேசுவது என்று கடிந்துகொண்டார். "பக்கத்துக் கடையில தீப்பிடிச்சா உங்களுக்குப் பாதுகாப்புன்னு சொல்லணும்யா" என்று பாடம் நடத்தினார். சாயங்காலம் மறுபடியும் போய் அப்படியே ஒப்பித்தேன். காளிமுத்து பொறுமையாகக் கேட்டார். உருளையைத் தூக்கிக்கூடப் பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "பக்கத்துக் கடையிலதான புடிக்குது? அப்ப அவரு வாங்கட்டும் தம்பி."

மூன்று பஸ், ஒரு பித்தளை

மூன்று பஸ் வைத்திருந்த ஒரு முதலாளி, அய்யலூர்ச் சந்தையில் ஆட்டைத் தடவிப் பார்ப்பது போலப் பித்தளைச் சாமானைத் தடவிப் பார்த்து ஒன்று வாங்கினார். மீதி இரண்டு பஸ்ஸுக்கு என்றேன். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டிகளைச் சோதிக்கும் நாளில் வாரும், பேசிக்கொள்ளலாம் என்றார். அன்றைக்கே இரண்டு விற்றுவிட்ட கணக்கில் நான் காபி குடித்தேன்.

சோதனை நாளில்தான் விஷயம் புரிந்தது. முதல் பஸ்ஸில் இன்ஸ்பெக்டர் ஏறினார், பித்தளையைப் பார்த்தார், தலையாட்டி இறங்கினார். அவர் அடுத்த பஸ்ஸைச் சுற்றி டயர்களைத் தட்டுவதற்குள் கண்டக்டர் அதைக் கழற்றி, துண்டில் சுருட்டி, பின்பக்கமாக ஓடி அங்கே மாட்டிவிட்டார். மூன்றாவது பஸ்ஸுக்கும் அதே ஓட்டம். முதலாளி என்னைப் பார்த்து வெற்றிலை வாயோடு சிரித்தார். இன்ஸ்பெக்டரும் குருடர் இல்லை. மூன்றாவது பஸ்ஸிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூச்சு வாங்க நின்ற கண்டக்டரிடம் சொன்னார்: "அடுத்த வருஷம் மூணு பஸ்ஸையும் ஒட்டி நிறுத்துப்பா, உனக்கு நடை மிச்சம்."

சின்னாளபட்டியில் ஒரு செயல்முறை விளக்கம்

சுங்குடிச் சேலை வியாபாரி ஒருவர், தீயை அணைத்துக் காட்டினால் வாங்குவதாகச் சொன்னார். தெருவில் தறிக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். தகரத் தட்டில் நூல்கழிவைப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தேன். எரிகிற தீக்கு முன்னால் நின்று, உருளையில் ஒட்டியிருந்த ஆறு விதிமுறைகளையும் சத்தமாக வாசித்த பிறகே தட்ட வேண்டும் என்பது கம்பெனி உத்தரவு. உத்தரவு போட்டவர் தீயை நேரில் பார்த்தவராக இருக்கமாட்டார்.

மூன்றாவது விதியில் இருக்கும்போது, குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த ஓர் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அரைக் குடம் தண்ணீரைத் தட்டில் கவிழ்த்தார். புஸ்ஸென்று அடங்கியது. வியாபாரி அந்த அம்மாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைக்குள் போய்விட்டார். தீக்குப் பக்கத்தில் வெளியாட்களை விடக்கூடாது என்பதுதான் நான்காவது விதி. அதை வாசிக்க வாயெடுத்தபோது அந்த அம்மாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கேட்டார்: "இன்னும் படிக்கணுமா அப்பு? எனக்கு அடுப்புல ஒல கொதிக்குது."

பத்திரமான இடம்

நெய்க்காரப்பட்டி டென்ட் சினிமாக் கொட்டகை முதலாளி ஒரே மூச்சில் இரண்டு வாங்கினார். லைசென்ஸ் புதுப்பிக்க வேறு வழியில்லை. அவரைக் கும்பிடாத குறையாக விடைபெற்றேன். ஒரு மாதம் கழித்துப் போனபோது இரண்டும் மெஷின் ரூம் வாசலில் மாலையும் சந்தனமுமாகத் தொங்கின. எங்கள் திண்டுக்கல் பூட்டு ஒன்று பெரிதாகப் போட்டு, சங்கிலியால் தூணோடு கட்டியிருந்தது. திருட்டுப் பயமாம். சாவி எங்கே என்றேன். வீட்டுப் பெட்டியில் என்றார். வீடு முக்கால் மைல்.

நான் தலையில் கை வைத்ததைப் பார்த்து அவருக்கு வருத்தமாகிவிட்டது. தோளில் தட்டிச் சமாதானம் சொன்னார்: "ஏனுங்க கவலப்படறீங்க, தீன்னு வந்தா ஒரு ஆள அனுப்பிச்சாப் போதுமுங்க, சாவியக் குடுத்து உட்டர்றனுங்க."

மாமா

எப்படியோ பதினொன்று ஆயிற்று. கெடுவுக்கு ஒரு நாள்தான் மிச்சம். வெட்கத்தை விட்டுச் சேவுகம்பட்டிக்குப் போனேன். மாமா வீட்டுக் கொல்லையில் ஆள் உயரத்துக்கு வைக்கோல் படப்பு, அதை ஒட்டியே நெல் அவிக்கும் அடுப்பு. வெளியாளாக இருந்தால் நான் பேசியே விற்றிருப்பேன். சரோஜா கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்ததால் எனக்குப் பேச்சு குழறியது. ஒன்றே ஒன்று வாங்கிக்கொண்டால் வேலை நிரந்தரமாகிவிடும் என்று கேட்டே விட்டேன்.

மாமா மோரைக் குடித்து முடித்து, செம்பைக் கவிழ்த்து வைத்தார். பிறகு சொன்னார்: "பொண்ணையும் குடுத்து, நீ விக்கிற சாமானையும் நானே வாங்கணும்னா, மாப்பிள்ளைன்னு ஒனக்கு அதுல என்ன வேலை?"

பன்னிரண்டாவது

கடைசி நாள் மத்தியானம் டெப்போவில் நான் மட்டும் இருந்தேன். முந்தின நாள் மாமா வீட்டிலிருந்து திரும்பும் வழியில், கடைசி முயற்சியாக வத்தலக்குண்டுச் சந்தையில் செயல்முறை காட்டி, கையிலிருந்த ஒரே நிரப்பிய உருளையையும் காலி செய்திருந்தேன். யாரும் வாங்கவில்லை. மானேஜர் சிகரெட்டை வீசிவிட்டுச் சாப்பிடப் போனார். ஆசிட் குப்பி உடையாமலிருக்கப் பெட்டியில் வைத்து வந்த வைக்கோல் மூலையில் குவிந்து கிடந்தது. சிகரெட் அதில்தான் விழுந்திருக்கிறது. நான் திரும்பிப் பார்க்கும்போது தீ ஜன்னல் உயரம் ஏறியிருந்தது.

சுவரோரம் நாற்பது தீயணைப்பான்கள் வரிசையாக நின்றன. நாற்பதும் காலி. விற்ற பிறகுதான் நிரப்புவது எங்கள் வழக்கம். நிரப்பும் சரக்கு இரும்பு அலமாரியில். அலமாரி பூட்டியிருந்தது. நெய்க்காரப்பட்டிக்காரரைப் பார்த்துத் தலையில் கை வைத்தவன் நான்தான்.

மண்டிக்கு ஓடினேன். காளிமுத்துவும் லோடுமேன்களும், புகையிலைக்குத் தெளிக்கத் தொட்டியில் கரைத்து வைத்திருந்த கருப்பட்டித் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு வந்து ஊற்றினார்கள். பத்து நிமிஷத்தில் தீ அடங்கியது. நாற்பது உருளையிலும் மறுநாள் முதல் எறும்பு மொய்த்தது தனிக்கதை. மானேஜர் ஏப்பம் விட்டபடி வந்து, கரிந்த சுவரைப் பார்த்து, இடுப்பைத் தடவிக்கொண்டு, "சாவி என் மடியிலதான இருக்கு, வந்து கேட்டிருக்கலாம்ல" என்றார்.

வேலை போயிற்று, சரோஜாவும் போனாள் என்று நினைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். காளிமுத்து கைகால் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். எங்கள் போர்டை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நீ அன்னைக்குச் சொன்னது சரிதான் தம்பி. பக்கத்துக் கடையிலதான் புடிக்குது. எனக்கு ஒண்ணு நெரப்பிக் குடு, நீங்க இங்கனதான இருக்கப் போறீங்க."

அதற்குப் பிறகு முப்பது வருஷம் இதே தொழிலில் இருந்தேன், வீட்டில் ஒன்று மாட்டச் சொல்லிச் சரோஜா இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், நானும் எல்லா வாடிக்கையாளரையும் போலப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.