கொழுந்தியாளும் பதினொரு சிரிப்பும்

என் அக்காவின் கணவருக்கு எங்கள் லாரி ஷெட்டில் 'சிரிச்ச முகம்' என்று பெயர். வைத்தவன் பார்த்துத்தான் வைத்திருக்கிறான். மாமா சிரிக்கத் தொடங்கினால் கன்னம் இரண்டும் மேலே ஏறிவிடும்; கண்கள் இருந்த இடத்தில் இரண்டு கோடுகள்தான் மிஞ்சும். ஏற்கெனவே சின்னக் கண்கள். அதையும் இப்படி ஊதாரித்தனமாகச் செலவு செய்வார்.

இருபத்தாறு வருடமாக லாரி ஓட்டுகிறார். விடுமுறை நாட்களில் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியாது. பெண் பார்க்க வந்தவர் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஸ்டியரிங்குக்கு அடுத்து அவருக்குக் கைவந்த வித்தை தூக்கம். நாற்காலியோ, பெஞ்சோ, பல் டாக்டரின் வரவேற்பறையோ, உட்கார்ந்த இரண்டாவது நிமிடம் குறட்டை. தொலைக்காட்சியில் எந்தப் படத்தின் முடிவையும் அவர் பார்த்ததில்லை. "மனசுல கள்ளம் இல்லாதவனுக்குத்தான் இப்படித் தூக்கம் வரும்" என்று தனக்குத் தானே நற்சான்று கொடுத்துக்கொள்வார். அக்கா விடமாட்டாள். "அந்தக் கள்ளமில்லாத மனசு போடுற சத்தத்துல என் தூக்கம்தான் போச்சு" என்பாள். இதை வைத்து அந்த வீட்டில் நாங்கள் சிரித்திருக்கும் சிரிப்பை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

நான் அதே கம்பெனியின் அலுவலகத்தில் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன். போன வருடம் எங்கள் முப்பத்திரண்டு லாரிகளிலும் ஒரு கருவியைப் பொருத்தினார்கள். கண்ணாடிக்குக் கீழே உள்ளங்கை அளவில் ஒரு பெட்டி. அதன் ஒரு கண் சாலையைப் பார்க்கும், இன்னொரு கண் டிரைவரின் முகத்தைப் பார்க்கும். எங்கே அநாவசியமாக பிரேக் அழுத்தினார், எங்கே நின்ற வண்டியில் இன்ஜினை ஓடவிட்டார், எவ்வளவு டீசல் குடித்தது என்று எல்லாவற்றையும் கணக்கு வைத்துக்கொள்ளும். டிரைவரின் கண் இரண்டு விநாடிக்கு மேல் மூடினால் வண்டிக்குள் கத்தும். கத்திய கையோடு பத்து விநாடிப் படம் ஒன்று என் திரைக்கு வந்து நிற்கும். நான் அதைப் பார்த்து 'உண்மை' அல்லது 'தவறு' என்று அழுத்த வேண்டும். உண்மை என்றால் அந்த டிரைவர் டாக்டரிடம் சான்று வாங்கி வரும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய வேலை. படத்தைத் திறக்காமலேயே பட்டனை அழுத்தலாம் என்பது அதிலுள்ள வசதி.

கருவி பேசவும் செய்யும். ஒரு பெண் குரல், "கவனமாக ஓட்டவும்" என்று சொல்லும். மாமா முதல் நாளே அதற்குக் 'கொழுந்தியா' என்று பெயர் வைத்துவிட்டார்.

"வீட்ல உங்கக்கா, வண்டியில உன் தங்கச்சி. உங்க குடும்பத்துக்கே என்னைக் கண்காணிக்கிறதுதான் வேலையா மாப்ள?"

வாய்தான் அப்படிச் சொன்னதே தவிர, டீசல் பட்டியல் வந்ததும் மனிதர் அடியோடு மாறிப்போனார். வாரா வாரம் ஷெட் சுவரில் ஒட்டுவார்கள், யார் குறைந்த டீசலில் ஓட்டினார் என்று. முதல் வாரம் மாமா மூன்றாம் இடம். மானப் பிரச்சினை ஆகிவிட்டது. தூரத்தில் சிக்னல் தெரியும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டியை அதன் போக்கில் உருளவிட்டு, பச்சை விழும் நேரத்துக்குப் போய்ச் சேருவார். லோடு ஏற்றக் காத்திருக்கும்போது முதல் வேலையாக இன்ஜினை அணைப்பார். ஒரு மாதத்தில் முதலிடம். அதற்கப்புறம் அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பட்டியல் ஒட்டும் நாளில் வாயெல்லாம் பல்லாக அதன் எதிரே நிற்பார். கண்கள் வழக்கம்போல காணாமல் போயிருக்கும்.

அந்தக் கண்களால்தான் வினை. தூக்க எச்சரிக்கைப் பட்டியலிலும் மாமாவே முதலிடம். மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார்.

"சார், நான் தூங்கலை, சிரிச்சேன். என் சிரிப்பு இந்தப் பொண்ணுக்குப் புரியலை."

சோதித்துப் பார்த்துவிடலாம் என்று எல்லோரும் லாரியைச் சுற்றிக் கூடினோம். மாமா கேபினில் உட்கார்ந்தார். யாரோ ஒரு கேலி சொல்ல, மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கருவி கத்தியது. "கவனமாக ஓட்டவும்" என்றது, நின்ற வண்டியில். ஷெட்டே அதிர்ந்தது. மேனேஜரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இவர் முகவாகு அப்படி. இவருக்கு வர்றதை எல்லாம் தவறுன்னு போட்டுடுப்பா" என்றார். எனக்கும் மகிழ்ச்சிதான். அன்று முதல் மாமா பெயரில் எது வந்தாலும் 'தவறு'. நான்கு மாதத்தில் பதினொன்று. பாதியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாவதைத் திறந்தது கடமை உணர்ச்சியால் அல்ல. மதியம் இரண்டரை மணி, வேலை மந்தமாக இருந்தது. தனியாகப் போகிற மனிதர் எதற்கு இப்படிச் சிரிக்கிறார் என்று பார்த்து வைத்தால் வீட்டில் சொல்லிக் கலாய்க்கலாமே என்ற ஆசை. படத்தை ஓடவிட்டேன்.

மாமா சிரிக்கவில்லை. சும்மா சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் மெல்லச் சுருங்கி மூடின. முகவாய் கொஞ்சம் தொங்கியது. பக்கத்துக் கட்டத்தில் சாலை தெரிந்தது. வெள்ளைக் கோடு வண்டிக்கு அடியில் நழுவிப் போனது. ஓரத்தில் ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போனாள், பின்னால் கூடை. அவள் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. கருவி கத்தியது. மாமா திடுக்கிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பினார். கூடைக்கும் லாரிக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருக்கும். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகுதான் மாமா சிரித்தார். தப்பு செய்து மாட்டிக்கொண்டவர் சிரிக்கிற அசட்டுச் சிரிப்பு.

போனை எடுத்தேன்.

"மாமா, வண்டியை ஓரமா நிறுத்துங்க."

நிறுத்தும் சத்தம் கேட்டது. இன்ஜினையும் அணைத்தார், பழக்கதோஷம். "எதுக்குடா? உன் தங்கச்சி கத்தினாளே, அதுக்கா? சிரிச்சேன்டா."

"எதுக்குச் சிரிச்சீங்க?"

"ஏதோ ஞாபகம்."

"சைக்கிள்ல கூடை வெச்சிருந்த அம்மாவைப் பார்த்தீங்களா?"

"எந்த அம்மா?" என்றார்.

நான் 'உண்மை' அழுத்தினேன். அவர் ஸ்டியரிங்கை நான்தான் பிடுங்குகிறேன் என்பது நன்றாகத் தெரிந்தது. டாக்டர் சான்று தராவிட்டால் இருபத்தாறு வருடம் அதோடு சரி.

வீட்டில் எனக்குக் கிடைத்த வரவேற்பைச் சொல்லி மாளாது. "கூடப் பிறந்தவன்னு உன்னைப் பக்கத்துல வெச்சிருந்ததுக்கு நல்லா செஞ்சடா" என்றாள் அக்கா. மாமாவை ஷெட்டில் டயருக்குக் காற்று பார்க்கும் வேலைக்கு விட்டிருந்தார்கள். என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். ஆனால் மனிதருக்குப் பேசாமலும் இருக்க முடியாது. நான் எதிரே நிற்கும்போதே டயரைப் பார்த்து, "அங்க ஒருத்தர் நிக்கிறாரே, அவரோட டீ ஆறிப்போகுதுன்னு சொல்லுங்க" என்பார். நானும் டயரிடமே நன்றி சொல்வேன்.

டாக்டரிடம் மூவரும் போனோம். தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டி ஓர் இரவு அவரைத் தூங்கவைத்துப் பார்த்த அறிக்கை மேசைமேல் இருந்தது. டாக்டர் அக்காவிடம்தான் முதலில் கேட்டார்.

"குறட்டை நடுவுல நின்னு நின்னு வருமா?"

"வரும் டாக்டர். அது நிக்கிறப்பத்தான் எனக்கு அப்பாடான்னு இருக்கும். அந்த நேரத்துல கண்ணை மூடிக்குவேன்."

"அப்ப அவருக்கு மூச்சு நின்னுருக்கும்மா. ஒரு மணி நேரத்துக்கு முப்பத்தெட்டு தடவை நிக்குது. மூச்சுக்காக ஒவ்வொரு தடவையும் உடம்பு முழிச்சுக்குது. இவர் ராத்திரி தூங்குறதே இல்லை. அதான் பகல்ல உக்கார்ந்த இடத்துல கண்ணு சொருகுது."

அக்கா மாமாவின் சட்டைக் கையைப் பிடித்தாள். வீடு வந்து சேரும்வரை விடவில்லை. இத்தனை வருடம் நாங்கள் கொண்டாடிய தூக்கம் தூக்கமே இல்லை. எனக்கு அழுகை வந்தது, மறைக்க நினைக்கவில்லை. மாமாதான், "சரி விடுங்க, மனசுல கள்ளம் இருக்குன்னு நிரூபிச்சுட்டாங்க" என்று சொல்லிப் பார்த்தார். அன்று யாரும் சிரிக்கவில்லை.

மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு கவசமும், அதற்குள் காற்றை அனுப்ப ஒரு பெட்டியும் கொடுத்தார்கள். அதையும் அவர் சொந்தத்தில் சேர்த்துக்கொண்டார். 'சகலை' என்று பெயர், கொழுந்தியாளைக் கட்டியவன் என்ற கணக்கு. மூன்று வாரத்தில் ஆளே மாறிவிட்டார். செய்தித்தாளைக் கடைசிப் பக்கம்வரை படித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படத்தை முழுசாகப் பார்த்தார். முடிவு பிடிக்கவில்லை என்று ஒரு வாரம் குறைபட்டுக்கொண்டார். டாக்டர் மறுபடி சோதித்துச் சான்று கொடுத்தார். மாமா என்னோடும் நேரடியாகப் பேச ஆரம்பித்தார்.

பேச ஆரம்பித்ததுதான் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம், "மாப்ள கண்ணு மட்டும் இல்லைன்னா நான் இல்லை" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். 'உண்மை' அழுத்திய அன்று மாலையே பழைய பதினொன்றையும் எடுத்து ஒவ்வொன்றாக முழுசாகப் பார்த்திருந்தேன். நிஜமாகச் சிரிக்கும்போது மாமாவுக்கு முதலில் வாய் விரியும், கண் அப்புறம் மூடும். ஏழு படங்களில் அப்படித்தான் இருந்தது. மற்ற நான்கில் கண்தான் முதலில் மூடியது. சிரிப்பு கடைசியில் வந்தது.

ஸ்டியரிங்குக்குத் திரும்பிய நாள் காலை. மாமா கேபின் படியில் ஒரு காலை வைத்துவிட்டார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"மாமா, அது முதல் தடவை இல்லை. அதுக்கு முன்னாடி நாலு இருக்கு. நான் திறந்து பார்க்காம 'தவறு' போட்டுட்டேன்."

படியிலிருந்து காலை எடுத்தார். "எங்கெங்க?"

"ரெண்டு நெடுஞ்சாலையில. ஒண்ணு சந்தைக்குத் திரும்புற இடத்துல. ஒண்ணு பாலத்து மேல."

கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். அந்தச் சின்னக் கண்கள் இவ்வளவு அகலமாகத் திறந்து நான் பார்த்ததில்லை. திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் மூணு செகண்டு தூங்கினேன் மாப்ள" என்றார். "நீ நாலு மாசம் தூங்கியிருக்க."

என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறிப் போனார்.

பதினோரு மணிக்கு என் திரையில் அவர் பெயர் வந்தது. திறந்தேன். மாமா நேராகக் கருவியைப் பார்த்து, "மாப்ள, பார்க்கிறியா?" என்றார். முதலில் வாய் விரிந்தது. பிறகுதான் கண்கள் காணாமல் போயின. பக்கத்துக் கட்டத்தில் ஒரு பெட்ரோல் பங்க் அசையாமல் தெரிந்தது; லாரி ஓரமாக நின்றுகொண்டிருந்தது, இன்ஜின் அணைக்கப்பட்டிருந்தது. பத்து விநாடியையும் பார்த்து முடித்துவிட்டு 'தவறு' அழுத்தினேன்.