ஏட்டையா மேல ஏட்டையாவே விசாரணை

போலீஸ்காரன் மேல மனு குடுத்தா அது எங்க போவும், எப்படி வரும்னு தெரியணும்னா, அதைத் தூக்கிகினு நடந்த பியூனைத்தான் கேக்கணும். அந்தப் பியூன் நான்தான். பூந்தமல்லி ரோட்டுப் பக்கமா போலீஸ் பெரிய ஆபீஸ் ஒண்ணுல, வெள்ளைக்கார துரை ரூம் வாசல்ல, தோள்ல டவாலிப் பட்டை போட்டுகினு நின்னவன். எந்த ஆபீஸ்னு மட்டும் கேக்காதீங்க. வேலைய உட்டு நின்னுட்டாலும் முதுகு இன்னும் என்னுதுதானே?

எனக்குப் படிப்பு மூணாங் கிளாசு. ஆனா காதுல ஒரு தபா உழுந்தா போதும், துரை மாதிரி பேசுவேன், ஹெட் குமாஸ்தா மாதிரி இருமுவேன், ஏட்டையா மாதிரி ஏப்பம் உடுவேன். மனுவை வெச்சிகினு எங்க ஆபீஸ் புளியமரத்தடியில காஞ்சவங்கள்ல நீங்களும் ஒருத்தரா இருந்தா, என் மூஞ்சி ஞாபகம் இருக்கும். "துரை இன்னிக்கு இல்ல, நாளைக்கு வா"ன்னு உங்களைத் தொரத்தினவன் நான்தான். கோவிச்சிக்காதீங்க, உள்ள குந்திகினு துரைதான் அப்படி சொல்லச் சொன்னாரு.

மனு ஊரு சுத்தினது

பருத்திப்பட்டு இருசப்பன் வண்டிக்காரரு. ரெண்டு மாடு, ஒரு வண்டி. பொழுது சாயறப்போ கத்திரிக்கா, கீரை ஏத்திகினு கெளம்பினா, விடியறப்போ பட்டணத்துல கொத்தவால் சாவடியில எறக்குவாரு. பொழப்பே அதான். ஒரு நாளு அந்தப் பக்கத்து ஸ்டேஷன் ஏட்டையா ஊடு மாத்தினாரு. ரோட்டுல போய்கினு இருந்த இருசப்பனை மறிச்சி, "ஏத்துடா சாமானை"ன்னு சொல்லி, வண்டியை மூணு நாளு உடல. மாட்டுக்குத் தண்ணி கூட காட்டல. இருசப்பன் சம்சாரம் பட்டம்மாவுக்கு வந்ததே கோவம்! யாரையோ புடிச்சி மனு எழுதி, நேரா எங்க துரை கையில குடுத்துட்டா.

துரை அதுல "விசாரிக்கவும்"னு எழுதினாரு. ஹெட் குமாஸ்தா சீல் குத்தி இன்ஸ்பெக்டருக்கு அனுப்பினாரு. இன்ஸ்பெக்டரும் "விசாரிக்கவும்"னு எழுதி ஸ்டேஷனுக்குத் தள்ளினாரு. ஸ்டேஷன் சப் இன்ஸ்பெக்டரு மட்டும் சும்மா இருப்பாரா? அவரும் "விசாரிக்கவும்"னு எழுதி, தனக்குக் கீழ கீறவருக்குத் தள்ளினாரு. அவருக்குக் கீழ யாரு? நம்ம ஏட்டையாதான்! மூக்குக் கண்ணாடிய மாட்டிகினு, தன் மேல வந்த புகாரைத் தானே எழுத்துக் கூட்டிப் படிச்சாரு மனுஷன். மொகத்துல ஒரு வெக்கம்? ஊஹூம். மறுநாளே இருசப்பனை ஸ்டேஷனுக்கு இட்டாரச் சொல்லி, பெஞ்சியில குந்தவெச்சி, ரொம்பப் பிரியமா கேட்டாரு: "ஏண்டா, ஏட்டு மேல புகார் குடுத்தியாமே? பயப்படாம சொல்லு, நான் அவனை விசாரிக்கிறேன்."

தங்கமான மனுஷன்

பத்து நாள்ல ரிப்போர்ட் வந்துச்சி. எங்க ஆபீஸ்ல ஒரு பழக்கம். எந்த ரிப்போர்ட்டா இருந்தாலும் ஹெட் குமாஸ்தா தமிழ்ல சத்தமா படிச்சிட்டு, அப்பால துரைக்கு இங்கிலீஷ்ல சொல்லுவாரு. வாசல்ல நிக்கிற எனக்கு அத்தினியும் மனப்பாடம். "மேற்படி இருசப்பன் மிகவும் நல்ல நடத்தை உள்ளவர். திருட்டு, குடி, வம்பு ஒன்றும் அறியாதவர். ஏட்டின் மேல் உள்ள பிரியத்தினால், வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல், தானே வண்டி கொண்டுவந்து சாமான் ஏற்றினார்." ஏட்டையா எழுதினது. கேட்ட எனக்கே கண்ணு கலங்கிடுச்சி.

துரை "குட்"னாரு, கையெழுத்துப் போட்டாரு. நான் சேப்பு நாடா கட்டி பரண் மேல போட்டேன். பரண் மேல ஏறினது எறங்கவே எறங்காது. எறக்கினா தூசி, தூசி வந்தா குமாஸ்தாவுக்குத் தும்மலு. வெளிய வந்து இருசப்பன் கிட்ட அந்த ரிப்போர்ட்டை அப்படியே ஏட்டையா கொரல்ல ஒப்பிச்சேன். அவரு வாயப் பொளந்துகினு கேட்டுட்டு சொன்னாரு: "அவ்ளோ நல்லவனா நானு? இத்த எங்க மாமியார் ஊட்டாண்ட வந்து ஒரு தபா சொல்லு அண்ணாத்தே."

இட்லி மேல விசாரணை

எல்லா மனுவும் இப்படித்தானான்னு கேப்பீங்க. இதையும் கேளுங்க. குமணன்சாவடியில ஓட்டல் வெச்சிருந்த நாயக்கரு, "ரெண்டு கான்ஸ்டேபிளுங்க தெனம் சொம்மா துன்னுட்டுப் போறாங்க"ன்னு மனு குடுத்தாரு. விசாரிக்க ஒருத்தரு போனாரு. விசாரிக்கணும்னா உக்காரணும், உக்காந்தா துன்னணும், துன்னா தானே வெவகாரம் புரியும்? நாலு நாளு விசாரிச்சாரு. கூட சாட்சிக்கு ரெண்டு பேரை வேற இட்டுகினு போனாரு. சாட்சி யாரு? அதே கான்ஸ்டேபிளுங்கதான்.

அஞ்சாம் நாளு நாயக்கரு ஓடியாந்து, மனுவைத் திருப்பிக் குடுங்கன்னு என் கையப் புடிச்சிகினாரு. "நைனா, புகாருக்கு முன்னாடி ரெண்டு வயிறுதான், இப்ப மூணு. இன்னொரு மனு குடுத்தா நான் ஓட்டலை மூடிட்டு உங்க ஆபீஸ்லதான் வந்து துன்னணும்."

கேடி புஸ்தகம்

இருசப்பன் கதைக்கு வரேன். மனு முடிஞ்ச ஒரு மாசத்துல, ஏட்டையா இருசப்பன் பேரைக் கேடி புஸ்தகத்துல ஏத்திட்டாரு. பேர்போன திருடங்க பேரை எழுதி வெக்கிற புஸ்தகம் அது. அதுல பேரு ஏறிட்டா, தெனம் பொழுது சாயறப்போ ஸ்டேஷனுக்குப் போய் மூஞ்சியக் காட்டணும். வண்டி கெளம்பற நேரமே அதுதானே? அப்புறம் எங்க கொத்தவால் சாவடி? மூணு வாரம் வண்டி நின்ன எடத்துலயே நின்னுச்சி. கத்திரிக்கா போடறவங்க வேற வண்டி பாத்துகினாங்க. "செவ்வாக்கெழம சந்தைக்குள்ள பேரை அடிக்கலேன்னா, மாட்டை ஓட்டிகினு போய் வித்துட வேண்டியதுதான்"னு இருசப்பன் தலைய கவுத்துகினாரு. பட்டம்மா உடல. பேரை அடிக்கச் சொல்லி ரெண்டாவது மனு. அது மறுபடியும் அதே வழில ஊரு சுத்திகினு, யாரு கைக்குப் போச்சின்னு நான் சொல்லணுமா?

திங்கக்கெழம காலைல ரிப்போர்ட் வந்துச்சி. ஹெட் குமாஸ்தா படிச்சாரு: "மேற்படி இருசப்பன் பத்து வருஷமாய் இந்த ஸ்டேஷனுக்குத் தெரிந்த போக்கிரி. மாடு திருடுவதே இவன் தொழில்." துரை, டிபன் துன்னுட்டு கையெழுத்துப் போடறேன்னுட்டாரு. நான் மெதுவா குமாஸ்தாவாண்ட போய், "சாமி, போன ரிப்போர்ட்ல இதே ஆளு, இதே ஏட்டையா, தங்கமானவருன்னு..."ன்னு இழுத்தேன். அவரு ரெண்டு இருமு இருமிட்டு சொன்னாரு: "அது வேற நம்பர், இது வேற நம்பர். கட்டின கட்டை அவிழ்க்கிறது ஆபீஸ் வழக்கம் இல்லைடா."

ரெண்டு ஏட்டையா

மத்தியானம். துரை பங்களாவுக்குப் போயிட்டாருன்னு நெனச்சேன். புளியமரத்தடியில இருசப்பன் செத்த மொகத்தோட குந்திகினு கீறாரு, பட்டம்மா பக்கத்துல. விடிஞ்சா சந்தை. என்னால வேற இன்னா பண்ண முடியும்? ஆட்டம் காட்டினேன். துண்டை இந்தத் தோள்ல போட்டா முதல் ரிப்போர்ட் ஏட்டையா, அந்தத் தோள்ல போட்டா ரெண்டாவது ஏட்டையா. "இருசப்பன் தங்கம்!"னு ஒருத்தன், "பத்து வருஷமாப் போக்கிரி!"ன்னு இன்னொருத்தன். "யோவ், நீதானே போன தபா நல்லவன்னு எழுதின?" "அது வேற நம்பர்யா!" மரத்தடியில கீற மனுக்காரங்க அத்தினி பேரும் உழுந்து உழுந்து சிரிச்சாங்க. அப்பால பட்டுனு சிரிப்பு நின்னு போச்சி. திரும்பிப் பாத்தா, பின்னாடி துரை.

எனக்கு வேட்டி நனையல, அவ்ளோதான். துரைக்குத் தமிழ் படிக்கத்தான் வராது, காதுல உழுந்தா அரைகுறையா புரியும். "ரெண்டு ரிப்போர்ட் எங்கே?"ன்னாரு. நானே பரண் மேல ஏறி, பழைய ரிப்போர்ட்டை எறக்கி, சேப்பு நாடாவை அவுத்தேன். தூசி பறந்துச்சி. குமாஸ்தா தும்மினாரு, ரெண்டுலயும் "சரி பார்த்தேன்"னு அவரு கையெழுத்து இருந்துச்சே, அந்தத் தும்மல் நிக்கவே இல்ல. துரை ரெண்டையும் மேஜை மேல பக்கத்துல பக்கத்துல வெச்சி, குமாஸ்தாவை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டாரு. அப்பால இருசப்பனை மேலயும் கீழயும் பாத்தாரு. அந்த நேரத்துல பட்டம்மா நேரா மேஜையாண்ட வந்து கையக் கூப்பினா: "சாமி, இவரு எந்த இருசப்பன்னு நீங்களே சொல்லிடுங்க, அந்த ஆளையே நான் ஊட்டுக்கு இட்டுகினு போறேன்."

மூட்டை ஏத்தினது

அன்னிக்கே பேரை அடிச்சாங்க. மறுநாளு மாடு சந்தைக்குப் போவல, சாயங்காலம் கத்திரிக்காயோட பட்டணத்துக்குப் போச்சி. சரி, ஏட்டையாவுக்கு இன்னா தண்டனைன்னு கேக்கறீங்களா? "இனிமேல் கவனமாய் எழுதவும்"னு ஒரு வரி. அடிக்காதே இல்ல, மெரட்டாதே இல்ல, கவனமா எழுது! அப்புறம் தூரமா வேற ஸ்டேஷனுக்கு மாத்தல். அங்க கீறவங்க இன்னா பாவம் பண்ணாங்களோ.

மாத்தல்னா சாமான் ஏத்தணுமே! என் ஆட்டம் அதுக்குள்ள ஆவடி வரைக்கும் பரவியிருந்துச்சி; ஒரு வண்டிக்காரனும் ஏட்டையா பக்கம் திரும்பல. கடைசில பருத்திப்பட்டுக்கே வந்தாரு. மாட்டுக்குத் தண்ணி காட்டிகினு இருந்தாரு இருசப்பன். நான் தபால் குடுத்துட்டுப் போற வழி, வேலியாண்ட நின்னுட்டேன். "இருசப்பா, நீ தங்கமானவன்னு நான் அன்னிக்கே எழுதினேனேப்பா"ன்னு இளிச்சாரு ஏட்டையா. இருசப்பன் தொட்டியில இருந்து தலைய நிமிர்த்தாமயே சொன்னாரு: "மனு எழுதிக் குடுங்க ஏட்டையா. எனக்குக் கீழ கீறது இந்த ரெண்டு மாடுதான், அதுங்ககிட்ட குடுத்து விசாரிக்கச் சொல்றேன்."

நான் தூக்கிகினு நடந்த காலத்துல எத்தினியோ மனு, எத்தினியோ விசாரணை. ஆனா சரியான ஆளு கைக்குப் போவ இருந்த மனு, ஏட்டையாவோட அந்த ஒண்ணுதான்.