கடற்காகத்துக்கு வைத்த சோறு

எங்கள் வீட்டுக்கு மாடியும் இல்லை, முற்றமும் இல்லை. இத்தாலியின் ஒரு துறைமுக நகரத்தில், போர்கோ வெக்கியோ சந்தைக்குப் பின்னால் நிலத்தோடு ஒட்டிய இரண்டு அறைகள். கதவைத் திறந்தால் மீன்காரனின் பெட்டிகள்தான் தெரியும். அந்த ஒரு குறையால்தான் இவ்வளவும் நடந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்பா காலமான வருடத்திலிருந்து ஆடி அமாவாசை விரதத்தை நான் விட்டதில்லை. விடியக் கடலில் முழுகி, மத்தியானம் படைத்து, காகத்துக்குச் சோறு வைத்து, அது வாய் வைத்த பிறகுதான் சாப்பிடுவேன். வழமையாக லீவு எடுத்து மச்சான் வீட்டு மொட்டை மாடியில் வைப்பேன். அந்த வருடம் லீவு கிடைக்கவில்லை.

நான் வேலை செய்வது அதே நகரத்தின் கால்சாப் பகுதியில், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில். எண்பத்தாறு வயதுச் சிஞ்ஞோரா, அதாவது வீட்டு அம்மா ஒருவர், சக்கர நாற்காலியில் இருப்பவர். சமையல், துப்புரவு, மருந்து எல்லாம் என் பொறுப்பு. அவருடைய மகள் வெயில் காலத்தில் குடும்பத்தோடு மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போய்விடுவார். "அம்மாவைத் தனிய விட ஏலாது, நீ நிக்கத்தான் வேணும்" என்று போனில் சொல்லிவிட்டார். அவர்கள் கதைப்பது இத்தாலிய மொழி. எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

ஆகவே மனைவி சமைத்ததைக் கட்டிக்கொண்டு போனேன். பன்னிரண்டு மணிக்குச் சிஞ்ஞோரா கண்ணயர்ந்திருந்தார். பால்கனியில் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோறும் கறிகளும் பாயசமும் வைத்து, அப்பாவை நினைத்து, "கா... கா..." என்று கூப்பிட்டேன். இந்த நகரத்தில் காகத்தைக் காண்பது அருமை. முக்கால் மணித்தியாலம் நின்றேன். தலை சுற்றியது. பிறகு எதிர்க் கூரையிலிருந்து ஒரு பெரிய கடற்காகம் இறங்கி வந்தது. வெள்ளை உடம்பு, மஞ்சள் சொண்டு, கண்ணைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம். சோற்றை முழுக்கத் தின்றது. அதுவும் ஒரு காகம்தானே, அப்பா கடல் தாண்டி வந்திருக்கிறார் என்று எனக்குக் கண் கலங்கியது.

தின்று முடித்த பறவை போகவில்லை. கண்ணாடிக் கதவில் சொண்டால் தட்டியது. இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து மூன்றாவது.

உள்ளே சிஞ்ஞோரா கத்தினார். "ஆர் அது? நீ ஆரைக் கூப்பிட்டனி?"

"அப்பாவை, சிஞ்ஞோரா."

"உன்ர அப்பா செத்துப் போனார் எண்டெல்லோ சொன்னனி?"

"ஓம். அதுதான் கூப்பிட்டனான்."

அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "நீ கிறிஸ்தவன் இல்லையோ?"

எட்டு வருடமாக அந்தக் கேள்வி வந்ததில்லை. கிழமை தவறாமல் நான் ஊருக்கு மேலே இருக்கும் மலைக்கு ஏறி, குகையில் இருக்கும் புனிதைக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவன். அங்கேயிருந்து படம் கொண்டுவந்து சிஞ்ஞோராவின் தலைமாட்டில் வைத்ததும் நான்தான். எங்கள் சைவச் சனம் நிறையப் பேர் அங்கே போகிறோம். தாயிடம் போவதற்கு மதம் என்ன என்று நினைத்திருந்தேன். அதைக் கண்டு அவர் என்னை வேதக்காரன், கிறிஸ்தவன் என்று எடுத்துக்கொண்டார்.

"இல்லை, சிஞ்ஞோரா. நான் சைவம்."

"பகானோ," என்றார் மெதுவாக. கிறிஸ்தவத்துக்குப் புறம்பானவன் என்று அர்த்தம்.

அடுத்த நாள் விசயம் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இரண்டாம் மாடியில் வேலை செய்யும், நான் தங்கச்சி என்று கூப்பிடும் மன்னார் வேதக்காரப் பிள்ளைதான் எனக்கு இந்த இடம் எடுத்துத் தந்தவ. படிக்கட்டில் மறித்துக்கொண்டா.

"அண்ணை, சோறு வைக்க உங்களுக்கு வேறை இடமே கிடைக்கேல்லை?"

"நீ என்னெண்டு சொல்லி என்னைச் சேர்த்துவிட்டனி, தங்கச்சி?"

"நல்ல மனுசன் எண்டுதான் சொன்னனான். அதிலை பொய் இல்லைத்தானே?" சிரித்தா. ஆனால் கதைக்கும்போது கழுத்துச் சிலுவையை விரலால் பிடித்தபடியே நின்றா. அதற்கு முதல் அவ அப்படிப் பிடித்து நான் கண்டதில்லை.

கீழ்வீட்டுக் கிழவி வேறு மாதிரி. என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் கேட்டா: "உன்ர அப்பா லொத்தோ நம்பர் ஏதும் சொன்னவரோ? எனக்கு மட்டும் சொல்லு." செத்தவர்கள் வந்தால் லொத்தர்ச் சீட்டுக்கு நம்பர் சொல்வார்கள் என்பது இந்த ஊர் நம்பிக்கை.

பறவை அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. ஒரு மணி அடிக்கும்போது, அதே மூன்று தட்டு. நான் ஒன்றும் வைக்கவில்லை. சிஞ்ஞோரா என் முன்னால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "வைச்சிட்டுப் போ" என்பார். கோப்பை வெறுமையாகத் திரும்பி வரும். ஆனால் அவரைத் தூக்கும்போது நாளுக்கு நாள் பாரம் குறைந்து வந்தது. எனக்குப் பயம் பிடித்தது.

வெள்ளிக்கிழமை மகள் வந்தார். நல்ல மனுசி, சத்தம் போடவில்லை. "உன்ர சமயம் உன்னோடை. எனக்குப் பிரச்சினை இல்லை," என்றார். பிறகு தாயின் அறைப் பக்கம் பார்த்தார். "ஆனா அம்மா பயந்துபோய் இருக்கிறா. நீ கூப்பிட்டதை நீயே நிப்பாட்டு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவன். அண்டைக்கும் அந்தப் பறவை வந்து தட்டினா, நான் வேறை ஆளைப் பாக்கவேணும்."

இன்னும் இரண்டு மாதத்தில் என் பெர்மெசோவை, இங்கே தங்கும் அனுமதிப் பத்திரத்தைப் புதுப்பிக்க வேண்டும். வேலைக் கடிதம் இல்லாமல் அது நடக்காது. அதில் மனைவியும் பிள்ளைகளும் தொங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த இரவு சுவாமிப் படத்துக்கு முன்னால் இருந்து, "அப்பா, போதும், இனி வராதையுங்கோ" என்று அழுதேன். அப்படிக் கேட்டதை நினைக்க இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை பேக்கரியில் பாண் வாங்க இறங்கினேன். திரும்பி வந்தபோது வெயிலுக்காகச் சாத்தியிருந்த வீடு இருட்டாக இருந்தது. உள்ளே சிஞ்ஞோராவின் குரல் கேட்டது. யாரையோ கெஞ்சுகிற குரல். எட்டிப் பார்த்தேன். பால்கனிக் கதவு திறந்திருந்தது. நாற்காலியிலிருந்து குனிந்து, நான் அப்பாவுக்கு வைத்த அதே கோப்பையில், அன்றைக்குச் சமைத்துக் கொடுத்த பாஸ்தாவை அவர் போட்டுக்கொண்டிருந்தார். பறவை அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் நின்று தின்றது.

"சாப்பிடு. சாப்பிட்டிட்டுப் போ. நாளைக்கு என்ர பிள்ளை வாறதுக்கு முதல் போ."

என் காலடி கேட்டு அவர் திரும்பினார். பறவை எழும்பிப் பறந்தது.

"மகளுக்குச் சொல்லப் போறியோ?"

சொன்னால் என் வேலை தப்பும். அது எனக்கு உடனே விளங்கியது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து ஓம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"சிஞ்ஞோரா, நான் அதை என்ரை அப்பா எண்டு நினைச்சனான்."

"உன்ர அப்பா இல்லை. இப்பிடித் தட்டுறது ஒராள்தான். மணிக்கூடு பாத்து ஒரு மணிக்கு வருவார். வாசல் மணி அடிக்கிற பழக்கம் இல்லை. மோதிரத்தாலை தட்டுவார். மூண்டாவது தட்டுக்கு முதல் மேசையிலை சாப்பாடு இருக்கவேணும். இல்லாட்டி..." அவர் முடிக்கவில்லை. சுவரில் தொங்கிய, காலமான கணவரின் படத்தைப் பார்க்கவுமில்லை. "பகானோ எண்டு உன்னைக் கோபத்திலை சொல்லேல்லை. கூப்பிடத் தெரிஞ்சவனுக்கு அனுப்பவும் தெரியும். அனுப்பிவிடு."

"எங்கடை முறையிலை அனுப்பிறதில்லை. பசியாத்தி விடுறது. அவை தாங்களாப் போவினம்."

"இவர் பசியாறின மனுசன் இல்லை," என்றார்.

எனக்கு மந்திரம் தெரியாது. படித்தவனும் இல்லை. ஆனால் ஆருமில்லாத ஆத்துமாவுக்கும் எள்ளுந் தண்ணீரும் விடலாம் என்று ஐயர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கறுப்பு எள்ளுத்தான் வேண்டும். அந்த வீட்டில் எங்கே போவது? கையிலிருந்த பாணைப் பார்த்தேன். இந்த ஊர்ப் பாணின் மேலெல்லாம் வெள்ளை எள்ளு ஒட்டியிருக்கும். சிஞ்ஞோராவின் மடியில் துணியை விரித்து இரண்டு பேரும் நகத்தால் சுரண்டினோம். ஒரு பிடி சேர்ந்தது. அவர் கணவரின் பெயரைக் கேட்டேன். சொன்னார். அந்தப் பெயரைச் சொல்லி, இனி உங்களுக்கு இங்கே குறை இல்லை என்று, துளசி போல வாசம் வரும் பசிலிக்கோச் சாடியில் மூன்று தரம் எள்ளுந் தண்ணீரும் வார்த்தேன். சிஞ்ஞோரா தன் கையையும் என் கைக்குக் கீழே நீட்டினார். தண்ணீர் அவர் விரல்களால் வழிந்து போனது.

அன்று அவர் என் முன்னால் இருந்து சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மகள் இனிப்புப் பெட்டியோடு வந்து, பால்கனியைப் பார்த்தபடி மேசையடியில் இருந்தார். ஒரு மணி அடித்தது. கடற்காகம் எதிர்க் கூரையில் நின்றது. எங்களைப் பார்த்தது. பிறகு துறைமுகப் பக்கம் பறந்துவிட்டது.

"சரி," என்றார் மகள். மூச்சு விட்டு, கரண்டியை எடுத்தார்.

அப்போதுதான் வாசல் கதவில் தட்டுக் கேட்டது. இரண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து மூன்றாவது.

மகள் கரண்டியைச் சத்தம் வராமல் வைத்தார். ஐம்பது வயதைத் தாண்டிய அந்த மனுசி முதுகை நிமிர்த்தி, பாவாடையை முழங்காலுக்கு இழுத்துவிட்டு, இரண்டு கைகளையும் மேசையின் ஓரத்தில் வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடப் பிள்ளை இருப்பது போல.

சிஞ்ஞோரா சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "போறன் எண்டு சொல்லிக்கொண்டு போறார்," என்றார்.

நான் போய்க் கதவைத் திறந்தேன். படிக்கட்டு வெறுமையாக இருந்தது. கீழே ஒரு காலடிச் சத்தமும் இல்லை. சிரோக்கோ என்ற வெக்கைக் காற்று கதவை ஆட்டியிருக்கும் என்று பிறகு என் மனைவி சொன்னாள். அன்று காற்று இருக்கவில்லை. பசிலிக்கோவின் ஒரு இலைகூட அசையவில்லை.

மகள் அன்று தாயின் அறையில் தங்காமல் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினார். வாசலில் நின்று கேட்டார்: "நாளைக்கு வருவியோ?"

"வாறன், சிஞ்ஞோரா."

வேலைக் கடிதத்தை அந்தக் கிழமையே கையெழுத்துப் போட்டுத் தந்தார். அந்தத் தட்டைப் பற்றி எங்களில் ஒருவரும் இதுவரைக்கும் கதைத்ததில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் ஆடி பிறக்க முதலே மொண்டெல்லோவிலிருந்து போன் வரும்.

"அந்த நாள் இந்த முறை எப்ப?"

நான் திகதியைச் சொல்வேன்.

"அண்டைக்கு லீவு கேட்டிடாதை," என்பார். "நீ அங்கைதான் நிக்கவேணும். பாண் மறக்காமல் வாங்கு."

அப்படியென்றால் பாணில் சுரண்டிய எள்ளைப் பற்றித் தாய் அவருக்குச் சொல்லியிருக்கிறார். நான் இரண்டு கோப்பை வைக்கிறேன், என் அப்பாவுக்கு ஒன்று, அவருடைய அப்பாவுக்கு ஒன்று.