பாலே அரங்கைப் பற்றி நான் மறைத்த வரி

கனடாவின் ஸ்காபரோவில் நடந்த எங்கள் நடனவிழாவில், ரஷ்ய பாலே அரங்கைப் பற்றிப் பேசினேன். ஜார் மன்னர்கள் அள்ளிக் கொடுத்து வளர்த்த அரங்கு அது. எங்கள் விழாச் செலவை ஏற்ற முதலாளி முன்வரிசையில் இருந்தார். புரவலர்களைக் குறை சொன்னால் கோபிப்பாரோ என்று பயந்து, பேச்சில் ஒரு வரியை வெட்டியிருந்தேன்.

ஒரு பெண் எழுந்தாள். "அக்கா, அந்த அரங்கிலை ஆடின ஆக்கள் விருப்பமில்லாட்டி விட்டிட்டுப் போகலாமோ?"

'ஓம்' என்றால் தப்பிவிடலாம். முதலாளி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டிய வரியைச் சொல்லிவிட்டேன்.

"இல்லைத் தங்கச்சி. கொஞ்சப்பேர் பண்ணையடிமையள். அவையைப் பிரபுக்களிட்ட இருந்து ஜாரின்ர காசிலை அரங்குக்கு விலைக்கு வாங்கினவை."

விழா முடிந்ததும் முதலாளி நேரே என்னிடம் வந்தார்.

"இதை ஏன் பிள்ளை முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் கோவிப்பியளெண்டு..."

"நான் அப்பிடி எப்ப சொன்னனான்?"

அவர் முகம் வாடியிருந்தது. உண்மைதான், என் வாயை அவர் கட்டவில்லை. நானே கட்டிக்கொண்டேன்.