மெட்டில்டா மக போனும் மாமியார் சண்டையும்

மெட்டில்டா தன் மக போனுக்குச் செய்வினை எடுத்தாளாம். ஏரல் பக்கத்துல ஒரு மந்திரவாதி போன் மேல எலுமிச்சம்பழத்தை உருட்டுனானாம், சார்ஜ் நாப்பதுல இருந்து எம்பதுக்கு ஏறிருச்சாம். முத்தையாபுரம் பூரா இதான் பேச்சு. இதுல பாதியைப் பரப்புனது நான்தான், ஒத்துக்கிடுதேன். அதனால நெசத்தையும் நானே சொல்லிருதேன்.

மெட்டில்டா மீன்காரி. காலையில தெரேஸ்புரம் ஏலத்துல மீன் எடுத்து, ஸ்கூட்டில வச்சு எங்க தெருவுல விப்பா. நம்ம கண்ணு எந்தக் கூடையில நிக்குன்னு பாத்துத்தான் ஏலக்காரன் விலையை ஏத்துவான். அதனால விலை கூடுன சீலா மீன் வேணும்னா, இவ மலிவான சாளை மீன் கூடையை மொறைச்சுக்கிட்டு நிப்பா. அவ்வளவு அழுத்தக்காரி.

மக ரம்யா பிளஸ் ஒன் படிக்கா. கலகலன்னு இருந்த பிள்ளை, திடீர்னு சோத்தைத் தள்ளி வைக்க ஆரம்பிச்சுட்டு. ரெண்டு மாசத்துல யூனிபாரம் தொளதொளன்னு ஆயிட்டு. ஏன்னு கேட்டா போனைக் காட்டுதா. ரீல்ஸ் பூரா வயிறு ஒட்டுன பொம்பளப் பிள்ளைகதான்.

"நான் குண்டுன்னு அதுக்கே தெரிஞ்சு போச்சும்மா. அதான் எனக்கு இதையே காட்டுது."

மெட்டில்டா தள்ளித் தள்ளிப் பாத்தா. "ஏளா, நீ எதுல நின்னு பாக்கியோ அதைத்தான் கொண்டாந்து போடுதான். இந்தப் போன்காரனும் ஏலக்காரன்தான். ரெண்டு நாளைக்கு எங்கிட்ட குடு."

கப்பலு, நண்டுன்னு வேற ரீல்ஸாப் பாத்து, போன் காட்டுறதை மாத்திரலாம்னு நெனப்பு. நடுவுல ஒரு மாமியார் மருமக சண்டை ரீல்ஸ் வந்திருக்கு. ஏலத்துல கண்ணை அடக்குனவளுக்கு இங்கன முடியல. ஒண்ணைப் பாத்தா, அடுத்ததைப் பாத்தா, யாரு ஜெயிச்சான்னு மூணாவதையும் பாத்தா.

ரெண்டு நாள் கழிச்சு ரம்யா போனைத் தொறக்கா, வெளக்குமாத்தோட ஒரு மாமியார். தள்ளுனா இன்னொரு மாமியார், கையில கரண்டி.

"எம்மா, எனக்கு எப்பம்மா கல்யாணம் ஆச்சு?"

சிரிச்சு உருண்டுட்டா. அப்புறம் போனையே பாத்துக்கிட்டு மெதுவா கேட்டா, "அப்ப இதுக்கு என்னையப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது, என்னா?"

அன்னைக்கு ரெண்டு தோசை தின்னா. அதோட பிள்ளை கொணமாயிட்டுன்னு டீக்கடையில நான் கதையை முடிக்கேன், பின்னால மெட்டில்டா நிக்கா.

"அண்ணாச்சி, மந்திரவாதியும் இல்ல, மாமியாரும் இல்ல. அந்த ரெண்டு தோசைக்கு மறுநாளும் அவ பட்டினிதான். வியாழக்கிழமைக்கு வியாழக்கிழமை பெரியாஸ்பத்திரியில மனசு டாக்டரம்மாட்ட கூட்டிட்டுப் போறேன். இப்பதான் ஒரு வேளைச் சோத்தையாவது ஒழுங்கா திங்கா. பரப்புறதுன்னா இதைப் பரப்புங்க."