விசிறியில் சிக்கிய வாழைநார்

என் பொறியியல் பட்டத்தின்மீது எனக்கு எப்போதும் சற்றுக் கூடுதலான மதிப்பு உண்டு. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலையின் மின்பராமரிப்புப் பிரிவுக்கு நான் தலைமை வகித்த காலத்தில், நான் பழுது என்றால் பழுது. இல்லை என்றால் இல்லை. மேலாளரும் என் சொல்லை மறுத்ததில்லை. அந்தப் பெயர் குலையாதிருக்க ஒரு பெண் தம் இருக்கையை இழந்தார். இதை இதுவரை எவரிடமும் நான் சொன்னதில்லை.

அவர் எடைமேடை அறையில் கணினி இயக்கியவர். பழவேற்காட்டு மீனவக் குடும்பம். லாரி மேடையேறியதும் எடையைப் பதிந்து சீட்டு அச்சிட்டுத் தருவது அவர் வேலை. பல ஆண்டுகள் சிப்பம் கட்டும் கொட்டகையில் நின்றே உழைத்து, வேலை முடிந்தபின் கணினி வகுப்புக்கும் போய், அதன்பிறகே அந்த நாற்காலியில் அமர்ந்தார்.

ஆயுதபூஜை முடிந்த சில நாட்களில் அவருடைய கணினித் திரை நடுங்கத் தொடங்கியது. காலையில் ஒழுங்காக இருக்கும். நண்பகலுக்குப் பின் துடித்துக் கறுத்துவிடும். லாரிகள் சாலைவரை வரிசைகட்டும்.

"இன்னாம்மா, சீரியல் பாத்து முட்ச்சிட்டியா? சீட்டக் குட்த்தீன்னா நாங்க போய்க்கினே இருப்போம்" என்று ஓட்டுநர் ஒருவர் சன்னலில் தட்டிக் கத்தியது ஒரு பிற்பகல் என் அறைவரை கேட்டது.

எடைமேடை அறைக்கு நான் எப்போதும் காலை ஒன்பது மணிக்குத்தான் போவேன். திரை பளிச்சென்று இருக்கும். இருந்தும் வேறு திரையைப் பொருத்தச் செய்தேன். மூன்றாம் நாள் பிற்பகல் அதுவும் கறுத்தது. மறுநாள் காலை அவர் எழுந்து நின்று சொன்னார்:

"சார், டிவி மேல தப்பு இல்ல சார். அது இருட்டாவும்போதும் அதுல சின்ன லைட்டு எரிஞ்சிக்கினுதான் இருக்குது. பொட்டிக்குப் பின்னால கைய வச்சுப் பாத்தேன், காத்தே வரல. அனலா கீது."

பழுதை அறியத் தேவையான அனைத்தும் அந்தச் சொற்களில் இருந்தன. விளக்கு எரிகிறதென்றால் திரை உயிரோடு இருக்கிறது. படம் அனுப்ப வேண்டிய கணினிப் பெட்டிதான் தளர்கிறது. காற்று வரவில்லையென்றால் பெட்டிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையின் விசிறி நின்றிருக்கிறது. சூடேறச் சூடேற மின்னழுத்தம் சரிகிறது. முதலாண்டு மாணவனும் சொல்லிவிடுவான்.

"எது தப்புன்னு நீங்க எனக்குச் சொல்ல வேண்டாம்மா. வயரை இழுக்காம வேலை பாருங்க" என்றேன். வெளியே இரண்டு ஓட்டுநர்கள் சிரித்தார்கள். அன்று மாலையே, இயக்குபவரின் கவனக்குறைவால் இணைப்புக் கம்பி தளர்கிறது என்று அறிக்கை எழுதிக் கையொப்பமிட்டேன். அடுத்த திங்கட்கிழமை அவர் கொட்டகைக்குத் திரும்ப அனுப்பப்பட்டார்.

அவர் இடத்துக்கு வந்தவரிடமும் திரை கறுத்தது. அப்போதுதான் முதல்முறையாக நான் பிற்பகலில் போனேன். பெட்டியின் பின்புறம் கை வைக்க முடியவில்லை. பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் பத்தைச் சுற்றித் தடுமாறியது. மின்னிணைப்பைத் துண்டித்து, பவர் சப்ளையைக் கழற்றித் திறந்தேன். விசிறியின் நடுவில் வாழைநார் இறுகச் சுற்றியிருந்தது. அதில் காய்ந்த சாமந்தி இதழ்கள் இரண்டு.

எங்கள் ஆலையில் ஆயுதபூஜையன்று எல்லா இயந்திரங்களுக்கும் பராமரிப்புத் தலைவரே தம் கையால் மாலையிட வேண்டும். மறுநாள் அவரே எடுக்க வேண்டும். வேறு எவரும் தொடுவதில்லை. அந்த மாலையைப் பெட்டியின் பின்புறம் தொங்கவிட்டவன் நான். எடுக்கும்போது எதிலோ மாட்டியதும், வெடுக்கென்று இழுத்ததும், நார் அறுந்ததும் என் விரல்களின் நினைவுக்கு உடனே வந்தன.

நாரைப் பிய்த்துக் குப்பைக் கூடையில் போட்டேன். புதிய பவர் சப்ளை பொருத்தினேன். பழையதன் ஆயுள் முடிந்தது என்று பதிவேட்டில் எழுதினேன். முதல் அறிக்கையைத் திரும்பப் பெற ஒரு வரி போதும். பேனா என் கையில்தான் இருந்தது. எழுதவில்லை.

அடுத்த ஆயுதபூஜை வந்தது. எடைமேடை அறையில் மேலாளர் என்னருகில் நின்றார். பொரிப் பொட்டலம் வாங்கக் கொட்டகைப் பெண்கள் வாசலில் காத்திருந்தார்கள். மாலையோடு நான் கணினியின் பின்புறம் குனிந்தபோது, அவர்களிடையே நின்ற அந்தப் பெண் ஓரடி முன்னால் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பின்னால தொங்க வுடாதீங்க சார். போன தபா மாரி நாரு உள்ள மாட்டிக்கும்."

அந்த அறையைப் பெருக்கும் அம்மாள் குப்பைக் கூடையில் கண்ட நாரைப் பற்றி இவரிடம் சொல்லியிருக்க வேண்டும். எத்தனை மாதமாக இவருக்கு அது தெரியும் என்று நான் கேட்கவில்லை. அவர் குரலில் கோபம் இல்லை. அந்தக் கணினியைப் பற்றிய கவலைதான் இருந்தது. மாலையை முன்பக்கம் வைத்தேன்.

"இன்னா சார் சொல்லுது அந்தம்மா?" என்றார் மேலாளர்.

சொல்லியிருக்கலாம். கேள்வியே என்னைத் தேடி வந்திருந்தது. அந்த நாற்காலியும் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

"மாலை நல்லா இருக்காம்" என்றேன்.

அந்தப் பெண் அதைக் கேட்டார். என்னை நிமிர்ந்து பார்க்காமல் பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார்.